புல் இருந்தும் மாடு ஏன் இளைக்கிறது?

மேய்ச்சலுக்குப் போகும் மாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது: புல் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் மாடு பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தீவனம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது. மழை நின்று நான்கைந்து மாதம் ஆன வெளியில், முழங்கால் உயரத்துக்குப் புல் காய்ந்து நிற்கும்போதே மாடுகளின் விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். வயிறு என்னவோ புடைத்துத்தான் இருக்கும். குடற்புழு என்பார்கள், நோய் என்பார்கள், இனமே சரியில்லை என்பார்கள். சில சமயம் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது, அந்த வயிற்றுக்குள் போன புல்லில் என்ன இருந்தது என்பதை.

வெட்டிப் போடும் தீவனத்தையும் கொட்டகை மாட்டையும் இங்கே விட்டுவிடுகிறேன். திறந்த வெளியில், தானாக முளைத்த புல்லையும் செடியையும் மேய்ந்தே வாழும் மாட்டுக்கு ஆண்டின் எந்தக் காலத்தில் எது கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது, ஏன் என்பதை மட்டும் பார்ப்போம்.

புல்லைச் செரிப்பது யார்?

புல்லின் உடம்பைக் கட்டியிருப்பது பெரும்பாலும் செல்லுலோஸ். சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோக்கப்பட்ட உறுதியான இழை அது. அதை உடைக்கும் நொதி மாட்டின் உடம்பில் சுரப்பதே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மாடும் நம்மைப் போலத்தான்.

வேலையைச் செய்வது நுண்ணுயிர்கள். மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் முதலாவதும் மிகப் பெரியதுமான அறைக்கு ரூமன் என்று பெயர். வளர்ந்த மாட்டில் அது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். காற்று புகாத, வெதுவெதுப்பான அந்தக் குழம்பில் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை எல்லாம் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவை செல்லுலோஸை உடைத்துத் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, கழிவாகச் சில கொழுப்பு அமிலங்களை வெளிவிடுகின்றன. அந்த அமிலங்கள் ரூமனின் சுவர் வழியாக இரத்தத்தில் சேர்கின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த அமிலங்கள்தான்.

அப்புறம் இன்னொன்று நடக்கிறது. பெருகிய நுண்ணுயிர்கள் இரையோடு சேர்ந்து அடுத்தடுத்த அறைகளுக்குத் தள்ளப்படுகின்றன. நான்காவது அறையில், நம் இரைப்பையைப் போலவே, அமிலம் சுரக்கிறது. அங்கே அவை இறந்து, அவற்றின் உடம்பே மாட்டுக்குப் புரதமாகிறது. மேயும் மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பங்கு இப்படி வருவதே.

மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்து இறங்கும் ஒரு பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். பிரித்து, உடைத்து, பின்வாசல் வழியாக அனுப்புவது வேலையாட்கள். அவர்களுக்குச் சாப்பாடு குறைந்தால் ஆள் குறையும், வேலை மந்தமாகும், உள்ளே சரக்கு தேங்கும். தேங்கியது நகராதவரை முன்வாசலில் புது மூட்டையை இறக்க இடம் இருக்காது. கோடையில் ரூமனில் நடப்பது இதுதான். சரக்கு நிறைய, ஆள் இல்லை.

7 சதவீதம் என்ற கோடு

நுண்ணுயிருக்கு முக்கியச் சாப்பாடு நைட்ரஜன். உர மூட்டையில் தழைச்சத்து என்று போட்டிருப்பார்களே, அதே சத்து. புல்லில் அது புரதத்துக்குள் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25-ஆல் பெருக்கிச் சொல்லும் எண்ணைத்தான் கச்சாப் புரதம் என்கிறார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இந்தப் பெருக்கல்.

மாடு தின்னும் புல்லில், நீரை நீக்கிய எடையில், கச்சாப் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் தேவையான வேகத்தில் பெருகுவதில்லை. நார் உடைவது தாமதமாகிறது. உடைந்து சிறு துணுக்கானால்தான் இரை ரூமனைவிட்டு வெளியேற முடியும். அதுவரை அங்கேயே கிடக்கும். இளந்தழை ஒன்றரை நாளுக்குள் நகர்ந்துவிடும் இடத்தில், காய்ந்த தண்டு மூன்று நாள்வரை தங்குகிறது. ரூமன் நிறைந்தே இருப்பதால் மாட்டுக்கு மேலும் தின்ன முடியாது. கண்ணெதிரே புல் நிற்க, மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு அது திருப்தியாக இருப்பதுபோலத் தோன்றும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது: மேய்ச்சல் மாட்டுக்குத் தீனி போடுவது என்றால் முதலில் ரூமனில் உள்ள நுண்ணுயிருக்குத் தீனி போடுவது. அதற்குப் புரதம் குறைந்தால் செரிமானமும் குறைகிறது, தின்னும் அளவும் குறைகிறது. அடி ஒன்று, விழுவது இரண்டு இடத்தில்.

புல்லுக்கு வயதாகும்போது

துளிர்த்து சில வாரமான புல்லில் 15 முதல் 20 சதவீதம்வரை கச்சாப் புரதம் இருக்கலாம். அதே புல் காய்ந்து நிற்கும்போது 3 முதல் 5 சதவீதம். வேர் அதே, மண்ணும் அதே. புரதம் எங்கே போனது?

மண் தரும் நைட்ரஜனுக்கு ஓர் அளவு உண்டு. அதில் பெரும்பகுதியைப் புல் இளமையிலேயே உறிஞ்சிவிடுகிறது. அதன்பிறகு வெயிலையும் நீரையும் கொண்டு உயரமாக, கனமாக வளர்ந்துகொண்டே போகிறது. இருக்கும் கொஞ்ச நைட்ரஜன் பெரிய உடம்பில் பரவி நீர்த்துப்போகிறது. கூடவே இலையின் பங்கு குறைந்து தண்டின் பங்கு கூடுகிறது. புரதம் இருப்பது பெரும்பாலும் இலையில். கதிர் வந்ததும் மிச்சமிருப்பது விதைக்கும், பல்லாண்டுப் புல்லானால் வேருக்கும் போகிறது. விதை உதிர்ந்துவிடும், வேரை மாடு தின்னாது. காய்ந்த இலையைக் காற்று உதிர்த்துவிடுகிறது. நிற்பது தண்டு.

தண்டில் இன்னொரு தொல்லை லிக்னின். செடியை நிமிர்ந்து நிற்கவைக்கும், மரத்துக்கு உறுதி தரும் பொருள் அது. செல்லுலோஸ் இழைகளின் மேல் பூச்சுபோல ஒட்டிக்கொண்டு நுண்ணுயிரை நெருங்க விடாது. அதனால் இளம்புல்லில் 65, 70 சதவீதம்வரை செரிக்கும் இடத்தில், முற்றிக் காய்ந்த புல்லில் 45 சதவீதம் செரித்தாலே அதிகம். வெப்பம் கூடுதலாக உள்ள நாடுகளின் புற்கள் வேகமாக முற்றும் என்பதால் அங்கே இந்தச் சரிவு சீக்கிரமே வந்துவிடுகிறது.

நைட்ரஜன் நீர்த்துப்போவது என்பதை நிலப்பரப்பிலேயே பார்க்க வேண்டுமானால் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதிதான் சரியான இடம். அங்கே தெற்கே போகப்போக மழை அதிகம், புல் உயரம். வடக்கே சகாராவை நெருங்க நெருங்க மழை குறைவு, புல் குட்டை. ஆனால் சத்து தலைகீழ். வடக்கில் நீர் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் புல் பெரிதாகும் முன்பே நின்றுவிடுகிறது. அதில் புரதம் அடர்த்தியாக இருக்கிறது. தெற்கில் நீர் நிறைய, மண்ணில் சத்து குறைவு. அதனால் பெரிய, சத்தற்ற புல். மழைக்காலம் வந்ததும் அங்குள்ள மேய்ப்பர்கள் மந்தையை வடக்கே ஓட்டிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். பச்சையும் உயரமுமான தெற்கை விட்டுவிட்டு ஏன் வறண்ட பக்கம் போகிறார்கள் என்று வெளியாட்கள் நெடுநாள் புரியாமல் பார்த்தார்கள். மந்தையோடு நடந்தவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது.

தென்னாப்பிரிக்காவிலும் மேய்ச்சல் நிலத்தை இனிப்பு நிலம், புளிப்பு நிலம் என்று பிரித்துச் சொல்வார்கள். மழை அதிகமாகப் பெய்து மண்ணின் சத்து கரைந்தோடிய பகுதிகளில் புல் முற்றியதும் மாடு வாய் வைக்காது, அது புளிப்பு. மழை குறைந்த, சத்துள்ள மண்ணில் வளர்ந்த புல் காய்ந்த பிறகும் மாட்டுக்கு ஆகும், அது இனிப்பு.

ஒரு மாடு, இரண்டு பருவம்

400 கிலோ எடையுள்ள பசுவை எடுத்துக்கொள்வோம். நல்ல பச்சைப் புல் கிடைக்கும் காலத்தில் அது தன் எடையில் சுமார் 2.5 சதவீதம் உலர்பொருள் தின்னும். உலர்பொருள் என்றால் தீவனத்தில் நீரைக் கழித்தால் மிஞ்சுவது. அதாவது 10 கிலோ. அதில் 12 சதவீதம் கச்சாப் புரதம் இருந்தால் நாளுக்கு 1,200 கிராம் கிடைக்கிறது.

அதே பசு, காய்ந்த புல். இப்போது எடையில் 1.5 சதவீதம் தின்பதே பெரிது; 6 கிலோ. அதில் 4 சதவீதம் புரதம். மொத்தம் 240 கிராம். ஐந்தில் ஒரு பங்கு. கன்று இல்லாமல், பால் வற்றி, சினையாக மட்டும் நிற்கும் பசுவுக்கே நாளுக்கு அரை கிலோவுக்கு மேல் புரதம் தேவை. பற்றாக்குறையை அது தன் தசையையும் கொழுப்பையும் கரைத்து ஈடுகட்டுகிறது. நாம் இளைப்பு என்று பார்ப்பது அதைத்தான்.

உண்மையில் நிலைமை இதைவிடக் கொஞ்சம் மேல். மாடு அரிவாள்போல எல்லாவற்றையும் ஒன்றாக அறுத்துத் தின்பதில்லை. தண்டை ஒதுக்கி இலையை இழுக்கும், புல் தூரின் அடியில் ஒளிந்திருக்கும் பசுமையைத் தேடும், புதர்த் தழையை எட்டிப் பறிக்கும். அதனால் நிலத்தில் வெட்டி எடுத்த மாதிரியைவிட மாட்டின் வாய்க்குள் போவது எப்போதும் தரமானது. ஆனால் பொறுக்கித் தின்ன நிலத்தில் இடம் வேண்டும். மந்தை பெரிதாகிவிட்டால் முதல் மாதத்திலேயே இலை தீர்ந்து, மீதிக் கோடை முழுக்கத் தண்டுதான். மந்தையின் அளவைப் பற்றிப் பேசும்போது கிலோக் கணக்கில் புல் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது போதாது என்று நான் சொல்வது இதனால்தான். பொறுக்கும் வாய்ப்பு என்பதே ஒரு தீவனம்.

ஆழமாக வேர்விடும் புதர்களும் மரங்களும் பயறு வகைச் செடிகளும் புல் காய்ந்த பிறகும் பச்சையாக நிற்பதுண்டு. புரதமும் அவற்றில் கூடுதல். சிலவற்றில் துவர்ப்புத் தரும் டானின் அதிகமாக இருந்து புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே எல்லாத் தழையும் ஒன்றில்லை. இருந்தாலும், புல்வெளியில் உள்ள புதரை எல்லாம் களை என்று அழிப்பவர்கள் கோடைப் புரதத்தையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

முதல் மழைக்குப் பிறகு வரும் ஆபத்து

மழை பெய்தாயிற்று, பச்சை தெரிகிறது, இனி கவலை இல்லை என்று மூச்சுவிடுவது இயல்பு. மேய்ச்சல் மாட்டுக்கு ஆண்டிலேயே மோசமான வாரங்கள் அப்போதுதான் தொடங்குகின்றன.

புதுத் துளிரில் புரதம் ஏராளம். ஆனால் அதன் எடையில் 80 சதவீதம் வெறும் தண்ணீர். 10 கிலோ உலர்பொருள் வேண்டுமென்றால் 50 கிலோ துளிரைத் தின்ன வேண்டும். துளிரோ தரையோடு ஒட்டி விரல் நீளம்தான் இருக்கிறது. ஒரு கடிக்கு வாயில் சேர்வது சிறு சிட்டிகை. மாடு நாளுக்கு 8, 9 மணி நேரம் மேயும். தேவைப்பட்டால் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் கூட்டும். அதற்கு மேல் முடியாது, அசைபோடவும் நேரம் வேண்டும். எனவே எவ்வளவு நேரம் மேய்ந்தாலும் வயிறு நிறைவதில்லை.

பச்சையின் ருசி பட்ட மாடு காய்ந்த புல்லைத் திரும்பிப் பார்க்காது. துளிரைத் தேடி வெகுதூரம் நடக்கும், இருக்கும் சக்தியை நடையிலேயே செலவழிக்கும். காய்ந்த புல்லும் மழையில் நனைந்து, அதில் மிச்சமிருந்த கரையும் சத்தும் கழுவிப் போய், அழுகத் தொடங்கியிருக்கும். கோடை முழுக்கத் தாக்குப்பிடித்த மெலிந்த மாடு இந்த இரண்டு மூன்று வாரத்தில் விழுந்துவிடுவது உண்டு. குளிர்நாடுகளில் வேகமாக வளரும் இளவேனிற்காலப் புல்லில் மெக்னீசியம் குறைவாகவும் பொட்டாசியம் அதிகமாகவும் இருப்பதால், பால் கொடுக்கும் பசுக்களுக்குத் திடீர் வலிப்பு வந்து இறப்பதும் உண்டு.

சுருங்கச் சொன்னால், கோடையில் வயிறு நிறையும், புரதம் இருக்காது. துளிர்க் காலத்தில் புரதம் இருக்கும், வயிறு நிறையாது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது புல் நன்றாக வளர்ந்து, கதிர் விடுவதற்கு முந்தைய சில வாரங்களில் மட்டும்.

கன்று எப்போது பிறக்கிறது என்பதும் கணக்கில் வரும்

நிலத்துக்கு இருப்பதுபோல் பசுவின் தேவைக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. கன்றைப் பால்குடி மறக்கடித்த பிறகு, சினையின் நடுமாதங்களில்தான் தேவை மிகக் குறைவு. கடைசி மூன்று மாதத்தில் ஏறும். ஈன்று இரண்டு மாதம் ஆகும்போது, பால் உச்சத்தில் இருக்கையில், உச்சிக்குப் போகும். அப்போது அதற்கு 10, 12 சதவீதம் புரதமுள்ள தீனி வேண்டும்.

பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 82 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே உடம்பும் கரைந்துகொண்டிருக்கும் பசு பருவத்துக்கு வராது. ஆகவே பச்சைப்புல் காலத்தின் தொடக்கத்தை ஒட்டி ஈனும்படி காளையைச் சேர்த்தால், பசுவின் உச்சத் தேவையும் நிலத்தின் உச்ச விளைச்சலும் ஒன்றாக வரும். கோடையின் நடுவில் ஈனும் பசுவை எவ்வளவு செலவு செய்தும் தேற்றுவது கஷ்டம்.

எதிர்பாராமல் மழை பொய்த்தால் கன்றைச் சீக்கிரம் மறக்கடிப்பது மிகவும் பலன் தரும் வழி. பாலுக்கான தேவை நின்றதும், அதே புல்லில் தாய் தேறும்.

எலும்பைக் கடிக்கும் மாடுகள்

புரதம் தவிர உப்புச் சத்துகளும் பருவத்தோடு மாறுகின்றன. அவற்றில் முக்கியமானது பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து. உலகின் பல மேய்ச்சல் நிலங்களில் மண்ணிலேயே அது குறைவு. குறைபாடு முற்றினால் மாடு எலும்பையும் செத்த விலங்கின் மிச்சத்தையும் கடிக்க ஆரம்பிக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் மாடுகள் உடல் செயலிழந்து கூட்டமாக இறந்ததை ஆராய்ந்த கால்நடை மருத்துவர் ஆர்னல்ட் தைலர், காரணத்தைப் படிப்படியாகக் கண்டார்: புல்லில் பாஸ்பரஸ் இல்லாததால் மாடுகள் பிணங்களின் எலும்பைத் தின்றன, அழுகிய பிணத்தில் பாக்டீரியா உண்டாக்கியிருந்த பாட்டுலிசம் என்னும் நச்சு அவற்றைக் கொன்றது. எலும்புத் தூளைத் தீவனத்தில் கொடுத்ததும் எலும்பு தேடும் பழக்கம் நின்றது. மாடுகள் எடையும் கூடின.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம், பாஸ்பரஸ் எப்போது தேவை என்பது. கோடையில் புல்லில் அது மிகக் குறைவுதான். ஆனால் அப்போது மாடு வளர்வதே இல்லை. புரதமே தடையாக நிற்கிறது. பச்சைப்புல் காலத்தில் புரதமும் சக்தியும் வந்து, எலும்பும் பாலும் உருவாகும்போதுதான் பாஸ்பரஸ் குறைவு மாட்டைப் பிடித்து இழுக்கிறது. தாது உப்பைக் கோடையில் வைத்துவிட்டு மழைக்காலத்தில் நிறுத்துபவர்கள் அதைப் பெரும்பாலும் வீணாக்குகிறார்கள்.

வைட்டமின் ஏ-வுக்குக் கவலை குறைவு. பச்சைத் தழையிலிருந்து கிடைப்பதைக் கல்லீரல் சேமித்து வைத்து சில மாதம் தாங்கும். வறட்சி அதற்கு மேல் நீண்டால் மட்டும் யோசிக்க வேண்டும்.

எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது

மெலிந்த மாட்டுக்குத் தானியம் போட்டால் தேறும் என்று எல்லோரும் நினைக்கிறோம். காய்ந்த புல் மேயும் மாட்டுக்கு அது பெரும்பாலும் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. தானியத்தில் உள்ள மாவுச்சத்து வேகமாகப் புளித்து ரூமனில் அமிலத்தைக் கூட்டுகிறது. நாரை உடைக்கும் பாக்டீரியாவுக்கு அமிலம் ஆகாது. நைட்ரஜனும் ஏற்கெனவே பற்றாக்குறை. விளைவு, மாடு தானியத்தைத் தின்று புல்லைக் குறைத்துக்கொள்கிறது.

கோடையில் வேண்டியது புரதம். நாளுக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ புண்ணாக்கு கொடுத்தால் நுண்ணுயிர் பெருகி, தேங்கிய நார் உடைந்து, மாடு காய்ந்த புல்லையே கூடுதலாகத் தின்னத் தொடங்கும். கொடுத்த புண்ணாக்கின் சத்தைவிட, அதனால் கூடுதலாக உள்ளே போகும் புல்லின் சத்து அதிகமாக இருக்கும். தினமும்தான் போட வேண்டும் என்றும் இல்லை. வாரத்துக்கான அளவை இரண்டு மூன்று நாளில் பிரித்துக் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கிறது. மிஞ்சும் நைட்ரஜனை மாட்டின் கல்லீரல் யூரியாவாக மாற்றி, எச்சில் வழியாகவும் ரூமன் சுவர் வழியாகவும் திருப்பி அனுப்பிவிடும். பரந்த வெளியில் மந்தையைத் தேடிப்போய்த் தீவனம் வைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஒரு நிபந்தனை: நிலத்தில் புல் இருக்க வேண்டும். தின்ன எதுவுமே இல்லாத இடத்தில் புண்ணாக்கு புல்லுக்கு மாற்றாகாது.

நைட்ரஜன்தானே வேண்டும், யூரியாவையே கலந்து வைக்கலாமே என்ற கேள்வி வரும். வைக்கலாம், நுண்ணுயிர்கள் அதையும் புரதமாக்கும். ஆனால் அளவு தவறினால் அம்மோனியா இரத்தத்தில் ஏறி மாடு சிறிது நேரத்திலேயே இறந்துவிடும். மொத்தத் தீனியின் உலர்பொருளில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, நன்றாகக் கலந்திருக்க வேண்டும், சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். பட்டினி கிடந்த மாட்டுக்கும் இளங்கன்றுக்கும் வைக்கவே கூடாது. வாரத்துக்கு இரண்டு முறை என்ற வசதி யூரியாவுக்குப் பொருந்தாது. கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் இதில் கை வைக்க வேண்டாம்.

சாணத்தைப் பாருங்கள்

ஆய்வுக்கூடம் இல்லாமலே பெரும்பாலானதைச் சாணம் சொல்லிவிடும். தரமான பச்சை மேயும்போது அது தட்டையாகப் பரவி நடுவில் சிறிது குழிந்திருக்கும். தண்ணீராக ஓடினால் துளிர் அதிகம், நார் குறைவு. வறண்டு, வளையம் வளையமாக அடுக்கி நின்றால், உடைத்துப் பார்த்தால் நீளமான தண்டுத் துண்டுகள் இருந்தால், புரதம் அந்த 7 சதவீதக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். உடம்பில் விலா எலும்பு தெரிவதற்குச் சில வாரம் முன்பே சாணம் மாறிவிடுகிறது. அந்தச் சில வாரம் மிகவும் பெறுமதியானது. இளைத்த மாட்டைத் தேற்றுவதைவிட இளைக்காமல் நிறுத்துவதற்குக் குறைவான தீவனமே போதும்.

அதே சாணம் முதல் மழைக்குப் பிறகு திடீரென்று இளகும். அதைப் பார்த்துத் தீவனத்தை உடனே நிறுத்திவிடாதீர்கள். புல் 10, 15 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை கையில் இருக்கும் வைக்கோலையோ உலர்ந்த புல்லையோ காலையில் கொடுத்துவிட்டு அப்புறம் மேய்ச்சலுக்கு விடுங்கள். துளிருக்கும் அந்த இடைவெளி வேண்டும், இல்லையென்றால் அந்த ஆண்டு முழுக்க அது எழுந்து நிற்காது.